பார்சல் டேப்பில் ஓர் அக்கா

என் ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கணவரின் அண்ணன் மனைவி. அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. எங்களுக்குள் எப்போதும் "நீ, வா, போ"தான். நான் "நீங்க" என்று ஆரம்பித்தால் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம். அது காதில் விழுந்ததும் பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். பெரியவர் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். கடையில் வாங்க ஒன்றும் இருக்காது, ஆனாலும் போவார்.

அக்கா பொது நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீரை அடித்து அடித்து அவளுக்கு ஒரு தோள் வந்திருக்கிறது பாருங்கள், அப்பப்பா! நம் வீட்டுக் குளியலறைக்குள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவாள். தோளோ அப்படி, இடுப்போ எனக்கு இருப்பதைவிடச் சின்னது. (இதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.) துணிக்கடையில் தோளுக்குப் பார்த்து எடுத்தால் இடுப்புப் பக்கம் இன்னொரு குடும்பத்தைக் குடிவைக்கலாம். இடுப்புக்குப் பார்த்து எடுத்தால் உடை மாற்றும் அறையிலிருந்து டர்ரென்று ஒரு சத்தம் வரும். அந்தக் கடைப் பெண்கள் அக்காவைக் கண்டால் "வாங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டே நல்ல உருப்படிகளை உள்ளே எடுத்து வைப்பார்கள்.

அதனால் வருஷம் பூரா ட்ராக் சூட்தான். அதில் ஒரு கஷ்டமும் இல்லை, அந்த மேலாளர் வேலை வரும் வரைக்கும்.

குளத்துக்கு மேலாளர் தேர்வு. அக்கா ஏற்கனவே இரண்டு தடவை நேர்காணலுக்குப் போய், இரண்டு தடவையும் ஊத்திக்கொண்டது. முதல் தடவை என்னுடைய கோட்டை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். மாட்டிவிடவே இரண்டு ஆள் தேவைப்பட்டது. உள்ளே போய்க் கையெழுத்துப் போடக் கையை நீட்டியிருக்கிறாள், முதுகில் தையல் மேலிருந்து கீழ் வரை விட்டுவிட்டது. என் கோட்! இரண்டாம் தடவை, வம்பே வேண்டாம் என்று ட்ராக் சூட்டிலேயே போனாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "குளத்துல ஏதாவது பிரச்னையா? இன்டர்வியூ முடியட்டும், அப்புறம் வாங்க" என்றாராம். இவளும் சரி என்று தலையாட்டிவிட்டுக் கதவு வரைக்கும் திரும்பி வந்திருக்கிறாள்! அப்புறம் யாரோ கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். என்ன பிரயோஜனம்?

இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான். நாற்பத்தைந்து முடிந்தவர்கள் விண்ணப்பிக்க முடியாது. அக்காவுக்கு இரண்டு மாதத்தில் நாற்பத்தைந்து முடிகிறது. அந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்றால், அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவாள், அவ்வளவு வேண்டும்.

"ரெண்டு தடவையும் கோட்டாலதான்டி போச்சு. இந்தத் தடவை நானே தைச்சுக்கறேன்" என்றாள் ஒரு நாள்.

"நீயா? உனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?"

"தண்ணியில மிதக்கவும்தான் ஒரு காலத்துல தெரியாது" என்றாள். நேர்காணலுக்கு மூன்று வாரம் இருந்தது.

பெரியவர் யாரிடமோ சொல்லிவைத்து ஒரு பழைய தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா பழைய திரைச்சீலையில் ஒத்திகை பார்த்தாள். முதல் கோட்டில் இரண்டு கையும் இடது கை. போட்டுக்கொண்டு நின்றால் நாற்சந்தியில் வண்டிகளை ஒரே பக்கமாகத் திருப்பிவிடுகிற மாதிரி இருந்தது. இரண்டாவதில் கைகள் சரி, பாக்கெட் இரண்டும் முதுகில். "பரவாயில்ல, பின்னால வர்றவங்க ஏதாவது போட்டா வாங்கிக்கலாம்" என்றார் பெரியவர். அவரைக் கடைக்கு அனுப்பினோம்.

கூத்தெல்லாம் போகட்டும், உண்மையான சிக்கல் அளவு எடுப்பதில்தான் இருந்தது. தன்னைத் தானே அளக்கும்போது, எண்ணைப் பார்க்கக் குனிந்தால் அளவு மாறிவிடும். என்னை அளக்கச் சொன்னால் கூச்சத்தில் நெளிவாள். காலையில் ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு. அப்போதுதான் அவள் எங்கேயோ ஒரு வீடியோ பார்த்துவிட்டு மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தாள்.

"உடம்பு மேல ஒரு பழைய பனியனைப் போட்டுக்கிட்டு, அதுக்கு மேல பார்சல் டேப்பை இறுக்கமா சுத்தணுமாம். அப்புறம் முதுகுல வெட்டிக் கழட்டி, உள்ள துணியை அடைச்சா அச்சு அசல் நம்ம உடம்பு! அதுக்கு மேல வெச்சுத் தைக்க வேண்டியதுதான். சுத்தத்தான் ஒரு ஆள் வேணும்."

ஆளா? நான் பார்சல் அலுவலகத்தில் கட்டுப் பிரிவில் பதினாலு வருஷம். கண்ணாடி ஜாடியிலிருந்து கார் கதவு வரைக்கும் கட்டி அனுப்பியிருக்கிறேன். என் கையால் சுற்றிய ஒன்று வழியில் பிரிந்தது என்று இதுவரை ஒரு புகார் கிடையாது. "நிக்க மட்டும் நீ நில்லு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் எங்கள் கூடத்தில் நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு ஆரம்பித்தோம். ஆறு ரோல் டேப். நான் க்ரீச் க்ரீச்சென்று இழுத்துச் சுற்றச் சுற்ற, அக்கா கல் மாதிரி அசையாமல் நின்றாள். இவ்வளவு ஒத்துழைப்புக் கொடுத்த ஒரு பார்சலை நான் பார்த்ததேயில்லை என்று சொல்லிச் சொல்லிச் சுற்றினேன். பதில் பேசாமல் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை பளபளவென்று பழுப்பு நிறம். கை இரண்டும் பக்கவாட்டில் விறைப்பாக நீட்டிக்கொண்டு நின்றன.

அந்த நேரம் பார்த்து மின்சார மீட்டர் பார்க்கிறவர் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்துவிட்டார். அக்காவைப் பார்த்தார். என் கையில் இருந்த டேப்பைப் பார்த்தார். சுவரோரமாக நகர்ந்துபோய் மீட்டரைக் குறித்துக்கொண்டு, வெளியே போகும்போது என்னிடம் மட்டும் தணிந்த குரலில் கேட்டார்:

"எங்கங்க அனுப்பறீங்க?"

அவர் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். அப்புறம் சிரித்தோம் பாருங்கள், நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்காவால் உட்காரவும் முடியாது, குனியவும் முடியாது. நின்றபடியே கண்ணில் தண்ணீர் வழிய, "வெட்டுடி, சீக்கிரம் வெட்டு, பாத்ரூம் போகணும்" என்று கதறினாள். கத்தரிக்கோலைக் காணோம். அது என் காலடியில் டேப்புச் சுருளுக்குள் இருந்தது என்பது பத்து நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு வழியாக மானம் போகாமல் தப்பித்தோம்.

வெட்டிக் கழற்றிய கூட்டுக்குள் குளத்துப் பழைய துண்டுகளை அடைத்து, ஓடாத ஃபேனின் கம்பத்தில் நட்டுவைத்தோம். என்ன கம்பீரம்! தோள் நிமிர்ந்து, நெஞ்சு புடைத்து, வயிறு ஒட்டி, அப்படியே அக்கா. அதற்குத் தங்கச்சி என்று பெயர் வைத்தோம். அன்று சாயங்காலம் பெரியவர் அதன் முதுகைப் பார்த்துக் "காபி இருக்கா?" என்று கேட்டு, பதில் வராததால் கோபமாக இருக்கிறாள் போல என்று தானே போட்டுக் குடித்திருக்கிறார்.

தங்கச்சி வந்ததும் வேலை பறந்தது. கருநீலத் துணி எடுத்து, வெட்டி, குத்தி, பிரித்து, மறுபடி குத்தி, இரண்டு வாரம் அக்கா மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. கோட் முடிந்தது. தங்கச்சி மேல் ஒரு சுருக்கம் கிடையாது. கடைக்காரன் பார்த்தால் வாயைப் பிளப்பான்.

அக்கா போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். அடேயப்பா! அளவெடுத்து வார்த்த மாதிரி இருந்தது. நானும் பெரியவரும் கண் கொட்டாமல் பார்த்தோம். அக்கா திரும்பி, "எப்படிடி இருக்கு?" என்றாள்.

அவ்வளவுதான், இடுப்புப் பொத்தான் தெறித்துப் போய்ப் பெரியவரின் மூக்குக் கண்ணாடியில் பட்டது. நெஞ்சுப் பக்கம் துணி தொளதொளவென்று தொங்கியது. தோள் இரண்டும் சரிந்து இறங்கின. என் கண்ணையே நம்ப முடியவில்லை. பொத்தானைத் தைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். பொருந்தியது. "இப்ப?" என்றாள். பொருந்தவில்லை. இப்படியே நாலு தடவை.

"கோட்டுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா, எனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கட்டிலில் உட்கார்ந்தாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்தாள். "நீதான்டி. நீ டேப்பைச் சரியா சுத்தல."

பதினாலு வருஷம்! ஒரு புகார் கிடையாது!

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன் நான். பெரியவர் செருப்பைத் தேடினார்.

இரண்டு நாள் பேச்சு வார்த்தை கிடையாது. மாடியில் மெஷின் சத்தமும் இல்லை. நேர்காணலுக்கு நாலே நாள். கோபத்தோடேயே நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அக்கா விசிலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று என் வீட்டுக்காரர் அதை என் கையில் திணித்தார். "அண்ணிக்கு விசில் இல்லாம வேலை ஓடாது. வீம்பு பண்ணாம போய்க் குடுத்துட்டு வா" என்றார். போனேன், அவருக்காக.

குளத்துக் கூடத்துக்கு ஒரு பக்கம் பூராவும் கண்ணாடிச் சுவர். வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். நான் உள்ளே நுழைந்தபோது அக்கா எதிர்ப்பக்க விளிம்பில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். தொண்டை கிழிகிற மாதிரி சத்தம், சிரிப்பு. அப்போது அலுவலகத்து ஆள் ஒருவர் குறிப்பேடும் கையுமாக அவள் பக்கத்தில் வந்து நின்று, ஏதோ கேட்டுவிட்டு, முகத்தையே உற்றுப் பார்த்தார்.

அக்காவின் தோள் உயர்ந்தது. நெஞ்சு புடைத்தது. வயிறு உள்ளே போனது. ட்ராக் சூட்டின் ஜிப் விறைத்துக்கொண்டது. வாய் இறுக மூடிக்கொண்டது. ஒரு வார்த்தை வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். அவர் எழுதிக்கொண்டு போனார். போன பிறகு அக்கா உஸ்ஸென்று மூச்சை விட்டாள், ட்ராக் சூட் தொளதொளவென்று ஆனது.

தங்கச்சி! அங்கே ஒரு நிமிஷம் நின்றது அசல் தங்கச்சி!

"அக்கா! மூச்சு! மூச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஈரத் தரையில் ஓடாதே என்று ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அதையும் தாண்டி ஓடினேன். வழுக்கியது. கைப்பை, விசில், செருப்பு எல்லாவற்றோடும் தொபுக்கென்று ஆழப் பக்கத்தில் விழுந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. அடுத்த நொடி ஒரு கை என் பின் காலரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி வெளியே போட்டது. "மூச்சு" என்றேன் நான் மறுபடியும். அக்கா உடனே என்னைக் குப்புறப் போட்டு முதுகில் குத்தினாள்.

"எனக்கில்லடி, உனக்கு!" ஆத்திரத்தில் அக்காவையே 'டி' போட்டுப் பேசிவிட்டேன். "நான் டேப் சுத்தும்போதெல்லாம் நீ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கே! அதான் கல்லு மாதிரி நின்னே! கோட்டு உனக்குச் சரியாத்தான் இருக்கு, ஆனா நீ மூச்சே விடக் கூடாது!"

அக்கா குளத்து விளிம்பிலேயே உட்கார்ந்தாள். சாதாரண ஆளாக இருந்தால் அரை நிமிஷத்தில் திணறி மூச்சை விட்டிருப்பாள், நானும் கண்டுபிடித்திருப்பேன். இவள் தண்ணீருக்கடியில் மூன்று நிமிஷம் இருக்கிறவள். எங்கே போய்ச் சொல்ல! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

உடை மாற்றும் அறையில் எனக்குத் துண்டு சுற்றிவிட்டபடியே மெல்லச் சொன்னாள்: "யாராவது உத்துப் பாத்தா எனக்கு மூச்சு உள்ளேயே நின்னுடும்டி. சின்ன வயசுலேர்ந்தே. அந்த ரெண்டு இன்டர்வியூவும் கோட்டால போகல. உன் கோட்டு கிழிஞ்சதை யாரும் பாக்கக்கூட இல்ல. அவங்க கேட்டாங்க, நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மூணு கேள்வி, மூணுக்கும் தலையாட்டினேன். போங்கன்னுட்டாங்க. கோட்டு மேல பழி போட்டா வீட்டுல யாரும் மேல கேக்க மாட்டீங்கன்னுதான்."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவள் பேசாமல் நின்ற ஒவ்வொரு தடவையும் நான் அதைத் திமிர் என்று நினைத்திருக்கிறேன், சொல்லியும் காட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"எந்திரி, கோட்டைப் பிரிக்கலாம்" என்றேன்.

மிச்சமிருந்த இரண்டு சாயங்காலமும் தங்கச்சியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, அக்காவின் மேலேயே துணியைப் போட்டுக் குண்டூசி குத்தினேன். ஒரே நிபந்தனை, நான் குத்தி முடிக்கிற வரை அவள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேசுகிற உடம்புக்குத்தான் அளவு. பேச்சை நிறுத்தி மூச்சைப் பிடித்தால் நெஞ்சு விரியும், ஊசி சுருக்கென்று ஏறும்.

"குளத்து மேலாளரா வந்தா முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று அதிகாரி குரலில் கேட்டேன், கண்ணை உருட்டி உற்றுப் பார்த்துக்கொண்டே.

அக்காவின் தோள் உயர்ந்தது. "ஆ! ஐயோ!"

"பதில் சொல்லுங்க மேடம்."

"தண்ணி... தண்ணியை மாத்... ஆ! கொலைகாரி!"

முதல் நாள் பதினேழு குத்து. நான்தான் எண்ணினேன். பெரியவர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "நானும் ஒரு கேள்வி கேக்கட்டா?" என்றார். "கேளுங்க, கேளுங்க" என்றேன். "மேடம், உங்க வீட்டுக்காரருக்குச் சாப்பாடு எப்ப கிடைக்கும்?" அக்கா அவருக்குச் சொன்ன பதில் நீளமானது, ஒரே மூச்சில் வந்தது, ஒரு ஊசிகூடக் குத்தவில்லை. அதை இங்கே எழுத முடியாது.

இரண்டாம் நாள் பாதியில் ஏதோ திறந்துகொண்டது. அதே கேள்வியைக் கேட்டேன். அக்கா பேச ஆரம்பித்தாள்.

"அந்தக் கண்ணாடிச் சுவத்துக்குத் திரை போடுவேன். காலையில ஒரு மணி நேரம், வயசானப்புறம் நீச்சல் கத்துக்க வர்றவங்களுக்கு மட்டும். வெளியில வந்து நின்னு பாத்துட்டு, உள்ள வராமலே திரும்பிப் போறாங்கடி. தினமும் பாக்கறேன். தண்ணிக்கு அவங்க பயப்படல. யாராவது பாப்பாங்களேன்னு பயப்படறாங்க. எனக்கு அது தெரியும். அந்த வேலைக்கு வர்ற வேற யாருக்கும் அது தெரியாது." இன்னும் பேசினாள். குழாய், வெந்நீர், படிக்கட்டுக் கைப்பிடி என்று பேசிக்கொண்டே போனாள். நான் குத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று திரும்பிப் போனவர்களில் நானும் ஒருத்தி. அதை அவள் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

நேர்காணல் அன்று அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவளோடு போனேன். கோட் கனகச்சிதம். நடந்தால், பேசினால், கையை உயர்த்தினால், எதற்கும் ஈடுகொடுத்தது. அக்காவைக் கூப்பிட்டார்கள், கதவு மூடியது. நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அன்று காலையில் கோட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தது நான். இடது நெஞ்சுப் பக்கம், லைனிங்குக்கு உள்ளே, ஒரே ஒரு குண்டூசியை வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தேன். மூச்சைப் பிடித்தால் குத்தட்டும், குத்தினால் பேசுவாள் என்று கணக்கு. உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். அதிகாரிகள் முன்னால் "கொலைகாரி" என்று கத்திவைத்தால்? கதவில் காதை வைத்தேன். பேச்சுக் குரல் கேட்டது. யாருடையது என்று புரியவில்லை. சிரிப்பும் கேட்டது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். அவளுக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் எட்டு நிமிஷத்தில் வெளியே வந்திருந்தார்கள்.

நாற்பது நிமிஷம் கழித்து அக்கா வந்தாள். முகம் சிவந்து, வியர்த்து, ஓட்டப் பந்தயம் ஓடியவள் மாதிரி இருந்தாள்.

"கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லியிருக்காங்க. அவங்க கேட்டது நாலு கேள்விடி. மீதியெல்லாம் நான்தான் பேசினேன். நிறுத்தச் சொன்னாங்க, நான் நிறுத்தல! ஐயோ, வேகுதே!" என்று கோட்டைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

"ரொம்பக் குத்துச்சா?"

"என்ன குத்துச்சு?"

நான் லைனிங்குக்குள் கையை விட்டேன். ஊசி வைத்த இடத்திலேயே வைத்தபடி இருந்தது. எடுத்து அவள் கண் முன்னால் நீட்டினேன். அக்கா ஊசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"அடிப்பாவி!" என்றாள். பிறகு அவளுக்கு அது புரிந்தது. "நாப்பது நிமிஷமாடி?" என்றாள். "ஒரு தடவைகூடவா குத்தல?"

"ஒரு தடவைகூட இல்ல."

சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் அந்த வராந்தாவில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. "உள்ள வாங்க மேடம்" என்றார் ஒரு அம்மாள், அவரும் சிரித்த முகமாக.

அக்கா சிரித்துக்கொண்டே எழுந்து, வெறும் கையில்லாத பனியனோடு, அந்தத் தோள் இரண்டும் பளிச்சென்று தெரிய, நேரே உள்ளே போய்விட்டாள். "அக்கா, கோட்டு!" என்று நான் எழுந்து நின்றேன். அவள் காதில் விழவில்லை. உள்ளே எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "திங்கட்கிழமை வந்து குளத்துச் சாவியை வாங்கிக்கிறீங்களா?" என்று யாரோ கேட்பதும், "இன்னிக்கே குடுங்களேன்" என்று அக்கா சொல்வதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மூன்று வாரம் உயிரை விட்டுத் தைத்த கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன்.